பந்து உங்கள் இடது பக்கம் ஓடுகிறதா, ஜன்னல் பக்கம் ஓடுகிறதா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதம் இது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் உங்கள் அப்பார்ட்மெண்ட் கிளப்ஹவுஸில் மூன்று வருடமாக ஒரு 8 அடி பூல் டேபிள் இருக்கிறது. ஓங்கி அடித்தால் பந்து கோடு போட்ட மாதிரி போகிறது. மெதுவாகத் தட்டினால் கடைசி இரண்டடியில் இடது பக்கம் வளைந்துவிடுகிறது. விற்றவர் வந்து போனை டேபிள் மேல் வைத்து, “ஜீரோ காட்டுது சார், லெவல் பக்கா, உங்க ஸ்ட்ரோக்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கமிட்டியில் ஒருவர் பந்து செட்டை மாற்றலாம் என்கிறார், இன்னொருவர் துணியை மாற்றலாம் என்கிறார். ‘ஏன் வளைகிறது’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த மூன்று பேரில் யாரை நம்பிப் பணம் செலவழிப்பது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

என் அப்பா கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பில் மார்க்கர். ஸ்கோர் எழுதுவது, பந்து துடைப்பது, துணியை பிரஷ் போட்டு இஸ்திரி போடுவது எல்லாம் அவர் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் அல்சூரிலிருந்து நேரே அங்கே போய் டேபிளுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவன் நான். பிறகு டேபிள் பிட்டிங்கே தொழிலாகிவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நேரில் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் எது கோளாறு இல்லை என்பதை நீங்களே ஒரு சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிடலாம். அதுவே பாதிச் செலவை மிச்சப்படுத்தும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். பந்து புறப்படும்போதே தப்பான கோட்டில் புறப்படுகிறதா, சரியான கோட்டில் புறப்பட்டுப் போகப் போக வளைகிறதா? வெள்ளைப் பந்து இன்னொரு பந்தை ஓரமாக உரசி அடிக்கும்போது, இரண்டு பந்தின் மேற்பரப்பும் ஒரு கணம் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். அதனால் அடிபட்ட பந்து நாம் நினைத்த கோட்டிலிருந்து ஓரிரு டிகிரி தள்ளிப் புறப்படும். மெதுவாக அடிக்கும்போது இது அதிகம், அழுக்குப் பந்தில் இன்னும் அதிகம். ஆனால் அப்படிப் புறப்பட்ட பந்து அந்தத் தப்பான கோட்டிலேயே நேராகப் போகும். டேபிள் செய்கிற வேலை வேறு. அது பந்தை வழியில் வளைக்கும். “டேபிளில் ரோல் இருக்கு”, அதாவது டேபிளே பந்தை ஒரு பக்கம் இழுக்கிறது என்று ஆடுகிறவர்கள் குறை சொல்லும் இடங்களில் பாதி இந்த முதல் வகைதான்; அங்கே சோப்புத் தண்ணீரில் பந்தைக் கழுவினாலே புகார் குறைந்துவிடுகிறது. உங்களுடையது இரண்டாவது வகை.

அடுத்தது, உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒன்று ‘கடைசி இரண்டடி’. இது உங்கள் கையை ஏறக்குறைய விடுதலை செய்துவிடுகிறது. வெள்ளைப் பந்தை நடுவில் அடிக்காமல் கொஞ்சம் ஓரத்தில் அடித்து, அடிக்கிற கோலான க்யூவின் பின்பக்கமும் சற்றுத் தூக்கியிருந்தால் பந்து வளையும், உண்மைதான். டேபிளின் ஓரத்து ரப்பர் விளிம்பான குஷனுக்கு மேலே க்யூவைப் பிடிப்பதால் எல்லோருக்குமே பின்பக்கம் கொஞ்சம் தூக்கித்தான் இருக்கும். ஆனால் அந்த வளைவு பந்து துணியில் வழுக்கிக்கொண்டு போகும் ஆரம்பக் கட்டத்தில் மட்டும்தான். வழுக்கல் நின்று சுத்தமாக உருள ஆரம்பித்ததும் வளைவும் முடிந்துவிடும். மெதுவான அடியில் இது வெகு சீக்கிரம், முதல் ஓரடி இரண்டடிக்குள் நடந்து முடிந்துவிடும். ஆகவே நேராகப் போய்க்கொண்டிருந்த பந்து நிற்கப்போகும் நேரத்தில் திரும்பினால் ஸ்ட்ரோக்கைக் குறை சொல்ல முடியாது. டேபிள், துணி, பந்து, இந்த மூன்றில் ஒன்று.

இரண்டாவது தடயம் ‘இடது பக்கம்’. இதில்தான் நீங்கள் என்னைத் தவிக்க விட்டுவிட்டீர்கள். யாருடைய இடது? ஒரு முனையில் நின்று அடிக்கும்போது இடது பக்கம் ஜன்னல் என்றால், எதிர் முனைக்குப் போய் நின்று அடித்தால் ஜன்னல் உங்கள் வலது பக்கம் வந்துவிடும். அங்கிருந்து அடித்தாலும் பந்து ஜன்னலைப் பார்த்தே போகிறதா, இல்லை மறுபடியும் உங்கள் இடது கைப் பக்கமே போகிறதா? ஜன்னல் பக்கமே போனால் சரிவு. சரிவுக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது தெரியாது. உங்களோடு சேர்ந்து திசை மாறினால் பெரும்பாலும் சரிவு காரணம் இல்லை; முதலில் பந்திலோ கையிலோ தேடுங்கள். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாமலே டேபிள் காலின் உயரத்தை மாற்றும் திருகாணியைத் திருக ஆரம்பித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படித் திருகிவிட்டால் பழைய நிலை என்ன என்பதே தெரியாமல் போய்விடும்.

ஓங்கி அடித்தால் ஏன் நேராகப் போகிறது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சரிவு பந்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை வேகத்தைப் பொறுத்து மாறாது. எவ்வளவு நேரம் இழுக்கிறது என்பதுதான் மாறும். நேரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்காகும். ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டரை அரை நொடியில் கடக்கும் பந்து ஒரு மில்லிமீட்டர்கூட விலகாது. அதே இரண்டு மீட்டரை ஆறு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டு உருண்டு அங்கேயே நிற்கிற பந்து, சுமாரான வேகமுள்ள துணியில், ஏழு சென்டிமீட்டர் அளவுக்கு விலகும். பந்தின் விட்டமே 57.15 மில்லிமீட்டர்தான். அதாவது ஒரு முழுப் பந்துக்கு மேல். அதிலும் பெரும்பகுதி பந்து தளர்ந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே ‘வேகமாக அடித்தால் சரியாக இருக்கிறது’ என்பதை வைத்து டேபிளுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. எவ்வளவு சாய்ந்த டேபிளும் அந்தப் பரீட்சையில் தேறிவிடும்.

சரி, இனி சோதனை. க்யூவை ஓரமாக வையுங்கள், கையை நம்ப வேண்டாம். எலக்ட்ரிக்கல் கடையில் வயரிங்குக்கு வாங்கும் பி.வி.சி. கேசிங் பட்டை ஒன்றை ஓரடி நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிவிட்டுத் திறந்த பக்கத்தை மேலே வைத்தால், பந்து அதன் இரண்டு விளிம்பிலும் உட்கார்ந்து நேராக இறங்கும். ஒரு முனையைத் துணியில் வைத்து, மறு முனைக்கு அடியில், க்யூ நுனியில் தேய்க்கும் சாக் கட்டி இரண்டை வையுங்கள். பட்டையில் பேனாவால் ஒரு கோடு போட்டு எப்போதும் அந்தக் கோட்டிலிருந்தே பந்தை விடுங்கள். எதிர் குஷனைத் தொடாமல், அதற்கு ஒரு சாண் முன்னால் நிற்கிற மாதிரி உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பட்டை கிடைக்காவிட்டால் இரண்டு க்யூவைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து நடுவில் உருட்டலாம், அதுவும் போதும். என் பையில் இன்னும் அந்தப் பட்டைதான் இருக்கிறது. வெயிலில் கிடந்து மஞ்சளாகிவிட்டது, மாற்ற மனசு வரவில்லை.

முதலில் பந்தைச் சோதியுங்கள், ஏனென்றால் அதற்குச் செலவே இல்லை. ஒரே இடத்திலிருந்து ஒரே பந்தை, அதன் நம்பர் இடது பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து மூன்று தடவை விடுங்கள். பிறகு நம்பர் வலது பக்கம் பார்க்க மூன்று தடவை. பிறகு பந்தைக் கால் சுற்றுத் திருப்பி வேறொரு பக்கத்தை அதே மாதிரி இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு பக்கம் கனம் கூடின பந்தாக இருந்தால், அந்தக் கனம் இடது பக்கம் இருக்கும்போது இடதும், வலது பக்கம் இருக்கும்போது வலதும் வளையும். எப்படி வைத்தாலும் ஒரே பக்கம் ஒரே அளவு வளைந்தால் பந்து நிரபராதி. வெள்ளைப் பந்துக்கு நம்பர் இல்லை. ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்துணியில் போய்விடும். அடி எல்லாம் வாங்குவது அதுதான் என்பதால் செட்டில் முதலில் தேய்வதும் அதுதான். வெர்னியர் இருந்தால் நாலைந்து திசையில் அளந்து பாருங்கள். விதிப்படி 57.15-லிருந்து 0.127 மில்லிமீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. எடை 156 முதல் 170 கிராம் வரை இருக்கலாம், சமையலறைத் தராசே போதும். செட்டுக்கு வெளியே தனியாக வாங்கின வெள்ளைப் பந்தா என்றும் விசாரியுங்கள். பழைய பந்து தொலைந்து, யாரோ ஸ்நூக்கர் வெள்ளையை வாங்கிவந்து போட்டிருந்த கிளப்ஹவுஸை நான் பார்த்திருக்கிறேன். அதன் விட்டம் 52.5 மில்லிமீட்டர். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், ஆனால் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

இணையத்தில் உப்புத் தண்ணீரில் பந்தை மிதக்கவிட்டு கனத்தைக் கண்டுபிடிக்கும் வித்தை ஒன்று சுற்றுகிறது. அது கோல்ஃப் பந்துக்கு. பூல் பந்து தண்ணீரைப் போல ஒன்றேமுக்கால் மடங்கு வரை கனம். நீங்கள் எவ்வளவு உப்புக் கரைத்தாலும் பக்கெட்டின் அடியில்தான் உட்காரும்.

பந்து நிரபராதி என்று ஆனால் ஒரு தாளில் டேபிளை வரைந்துகொள்ளுங்கள். எந்தப் பக்கம் ஜன்னல், எந்தப் பக்கம் கதவு என்று குறியுங்கள். நீளவாக்கில் மூன்று பாதை: இரண்டு ஓரம், ஒரு நடு. அகலவாக்கில் மூன்று. ஒவ்வொன்றிலும் போகவும் வரவும் பந்தை விட்டு, எந்தப் பக்கம் எத்தனை விரல் அகலம் விலகியது என்று அம்புக்குறி போடுங்கள். இந்த ஒரு தாளுக்காக நான் ஒரு மணி நேரம் செலவழிப்பேன். லெவலைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான். அம்புகள் எல்லாம் ஒரே சுவரைப் பார்த்தால் மொத்த டேபிளும் சாய்ந்திருக்கிறது. இருப்பதிலேயே சுலபமான கோளாறு அது. இரண்டு ஓரத்திலிருந்தும் அம்புகள் நடுவைப் பார்த்தால் துணிக்கு அடியில் இருக்கும் கல் நடுவில் தொய்ந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் நேராகப் போய், ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று திரும்பினால் அங்கே கல்லின் இணைப்போ துணிக்கடியில் ஏதோ ஒன்றோ இருக்கிறது.

உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது மொத்தச் சாய்வுதான். இது ஊகம், இருந்தாலும் காரணத்தோடுதான் சொல்கிறேன். பெங்களூர் அப்பார்ட்மெண்ட் கிளப்ஹவுஸ்களில் விளையாட்டு அறை என்பது பல இடங்களில் பிறகு மூடி எடுத்த மொட்டைமாடியோ சிட்அவுட்டோதான். மழைத்தண்ணீர் ஓடுவதற்காக அங்கே தரையைச் சரித்தே போட்டிருப்பார்கள். நூறுக்கு ஒன்று சரிவு என்றால் மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர். டேபிளை நிறுத்தினவர் கால் திருகாணியை வைத்து அதைச் சரிக்கட்டியிருப்பார். டேபிள் அதே இடத்தில் நிற்கும்வரை பிரச்சினை இல்லை. சர்ஜாபுர் ரோட்டில் ஒரு கிளப்ஹவுஸில் நியூ இயர் பார்ட்டிக்காக எட்டுப் பேர் சேர்ந்து டேபிளைச் சுவரோரம் தள்ளி, மறுநாள் ‘அதே இடத்தில்’ கொண்டுவந்து வைத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது பழைய இடத்தில் நாலு கால் தடமும் டைல்ஸில் வட்டமாகப் பதிந்திருந்தது. டேபிள் அதிலிருந்து அரை அடி தள்ளி நின்றது. ஒரு கால் தரையையே தொடவில்லை, அதற்கும் டைல்ஸுக்கும் நடுவில் இரண்டு ரூபாய் நாணயம் தாராளமாகப் போய்வந்தது. கமிட்டியில் துணி மாற்றுவதற்குத் தீர்மானமே போட்டுவிட்டிருந்தார்கள். உங்கள் டேபிளை எப்போதாவது நகர்த்தினார்களா என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள், கமிட்டியிடம் கேட்காதீர்கள். நாலு காலுக்கு அடியிலும் ஒரு தாளை நுழைத்தும் பாருங்கள்.

இப்போது அந்த போன் விஷயம். பூல் டேபிளுக்கு உலக பூல் சங்கம் சொல்லும் அளவு, நீளவாக்கில் அரை மில்லிமீட்டர், அகலவாக்கில் கால் மில்லிமீட்டர். அதற்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது. ஜெராக்ஸ் பேப்பர் ஒன்றின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், அகலவாக்கில் உங்களுக்கு இரண்டரைத் தாள்தான் அனுமதி. போனில் லெவல் ஆப் நன்றாக வேலை செய்தாலும் பெரும்பாலும் 0.1 டிகிரிக்குக் கீழே காட்டாது, சில போனில் முழு டிகிரி மட்டும்தான். 0.1 டிகிரி என்பதே மீட்டருக்கு ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர். 0.0 என்று காட்டும்போதே மீட்டருக்கு முக்கால் மில்லிமீட்டர் சாய்வு அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். மேலே சொன்ன கணக்கில் அது மெதுவான பந்தை அரைப் பந்து முதல் ஒரு பந்து வரை தள்ளப் போதுமானது. ஆகவே உங்கள் டீலர் பார்த்த ஜீரோ உண்மையாகவே இருக்கலாம். அந்த ஜீரோவால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் டியூப் லெவலும் கட்டடத்துக்கு நல்லவை, இதற்குப் போதாது. அதைவிட மோசம், லெவலைக் குஷன் மரத்தின் மேல் வைத்துப் பார்ப்பது. பந்து உருள்வது கல்லின் மேலே. மரம் எப்படி இருந்தால் நமக்கென்ன?

இந்த வேலைக்கு வேண்டியது பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் நிறுவுகிறவர்கள் வைத்திருக்கும் மாதிரி இஞ்சினியர்ஸ் லெவல். குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வு என்று காட்டுவதும் உண்டு. அது வேண்டாம், மாடித் தரையில் ஆள் நடந்தாலே குமிழி அலைபாயும். 0.1 காட்டுவது போதும். துணியின் மேல் வைக்கும்போது லெவலுக்கு அடியில் கொஞ்சம் கனமான கண்ணாடித் துண்டு ஒன்றைப் போட்டுக்கொள்வேன். ஒரு தடவை பார்த்ததும் லெவலை 180 டிகிரி திருப்பி அதே இடத்தில் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். குமிழி முன்பு எந்தச் சுவர்ப் பக்கம் நகர்ந்திருந்ததோ அதே பக்கம், அதே அளவு நின்றால் லெவலை நம்பலாம். பக்கம் மாறிவிட்டால் லெவலிலேயே தப்பு. உங்கள் பக்கத்தில் யாராவது ஒர்க்ஷாப்பில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடன் கேளுங்கள். வாங்கும் அளவுக்கு அவசியம் இல்லை.

மொத்தச் சாய்வு என்று உறுதியானால் காலைச் சரிசெய்வது நீங்களே செய்யக்கூடியதுதான், ஆனால் ஆள்பலத்தால் தூக்காதீர்கள். ஒரு அங்குல ஸ்லேட் போட்ட 8 அடி டேபிளில் கல் மட்டுமே 200 கிலோவுக்குக் குறையாது. குஷனைப் பிடித்துத் தூக்கினால் குஷன் போல்ட் பிடிக்கும் இடத்தில் கல் விரிசல் விடலாம். கார் ஜாக்கியை அடிச்சட்டத்துக்குக் கீழே, நடுவில் பலகை வைத்து, கனம் காலை விட்டு இறங்குகிற அளவுக்கு மட்டும் தூக்குங்கள். எப்போதும் தாழ்ந்த பக்கத்தை உயர்த்துங்கள், உயர்ந்த பக்கத்தை இறக்க வேண்டாம். அகலவாக்கில் சாய்வு என்றால் ஒரு பக்கத்துக் கால்கள் எல்லாவற்றையும் ஒரே அளவு திருகவேண்டும். ஒன்றை மட்டும் திருகினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும் திருகாணியில் கால் சுற்று என்பது சுமார் 0.4 மில்லிமீட்டர். பெரும்பாலான சமயம் முக்கால் சுற்றுக்குள் வேலை முடிந்துவிடும். பிறகு ஒரு நாள் விட்டு மறுபடி அதே ஆறு பாதையிலும் பந்தை விட்டுப் பாருங்கள்.

நடுத் தொய்வும் இணைப்புக் கோளாறும் உங்கள் கைக்கு அப்பாற்பட்டவை. மூன்று துண்டுக் கல்லாக இருந்தால் இரண்டு இணைப்புகளும் டேபிளைக் குறுக்காக மூன்றாகப் பிரிக்கும் இடத்தில் இருக்கும். அந்த இணைப்பில் ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் 0.127 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாளுக்குச் சற்று மேல், அதற்குமேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் நீங்கள் செய்யலாம். ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் துணியோடு படுக்கவைத்து அடியுங்கள். பகலில் கண்ணில் படாத மேடுபள்ளம் எல்லாம் நிழலாக எழும். குறுக்கே நேர்க்கோடாக நிழல் வந்தால் இணைப்பு. இணைப்பை அடைக்கத் தேன்மெழுகோ கார் டிங்கரிங்கில் போடும் புட்டியோ பூசியிருப்பார்கள். அது பொடிந்து துணிக்கடியில் நகர்ந்தால் கடுகு கடுகாகத் தெரியும். பந்துகளை முக்கோணமாக அடுக்கும் இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரிவது சகஜம். அதில் விழுந்து பந்து அரை விரல் நகர்ந்தால் பதறவேண்டாம்.

அடியில் கல்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். டேபிளுக்குக் கீழே படுத்து, சட்டத்துக்கு நடுவில் கையால் தட்டிப் பாருங்கள். சில்லென்று, சத்தம் உள்வாங்காமல் இருந்தால் கல். ஸ்லேட்டோ மார்பிளோ, இரண்டையுமே சரிசெய்யலாம். மரத்தூள் பலகையாக இருந்தால் நான் சொன்ன எதுவும் நிரந்தரமாக நிற்காது. ஒரு மழைக்காலம் போதும், பலகை தன் இஷ்டத்துக்கு நெளிந்துகொள்ளும்.

துணிக்கு வருகிறேன். போட்டிகளில் போடும் பூல் துணியில் ரோமம் கிடையாது, வழவழவென்று நெய்தது. அது பந்தை ஒரு பக்கம் தள்ளும் என்று நான் நம்பவில்லை. ஸ்நூக்கர் துணி அப்படி இல்லை. அதில் ரோமம் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும், கறுப்புப் பந்து இருக்கும் முனையைப் பார்த்து. மெதுவாகக் குறுக்கே போகிற பந்தை அது மெல்லத் தன் பக்கம் தள்ளிவிடும். 1875 வாக்கில் ஜபல்பூரில் ஆரம்பித்து ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஆட்டம் என்று சொல்லிக்கொள்ளும் ஸ்நூக்கரில், அந்த ரோமத்தின் போக்கைப் படிப்பதே தனிக் கலை. அப்பா பிரஷ் போடும்போது ஒரு தடவைகூட எதிர்ப்பக்கம் கை போகாது. இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், அப்பார்ட்மெண்ட் டேபிள்களில் விலை குறைவு என்று ரோமமுள்ள துணியைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளங்கையை நீளவாக்கில் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறு பக்கம் சொரசொரத்தால் ரோமத் துணி. அப்போது அம்புக்குறித் தாளில் அகலவாக்கில் ஓடும் பந்துகள் எல்லாம் வழுக்குகிற பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் அதைச் சரிவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீளவாக்கில் ஓடும் பந்து ஜன்னல் பக்கம் போவதற்கு ரோமம் காரணமாகாது.

கையைச் சோதித்துப் பார்க்காமல் மனசு ஆறாது என்றால், கோடு போட்ட பந்து ஒன்றை வெள்ளைப் பந்து மாதிரி வைத்து, அதன் பட்டை நீங்கள் அடிக்கும் திசையில் நெட்டாக நிற்கும்படி திருப்பி அடியுங்கள். பட்டை ஆடாமல் சக்கரம் மாதிரி உருண்டால் நடுவில் அடித்திருக்கிறீர்கள். பம்பரம் மாதிரி தள்ளாடினால் சைடு, அதாவது பக்கச் சுழற்சி, விழுகிறது. நானும் இன்றுவரை பத்தில் மூன்று தடவை தள்ளாட வைக்கிறேன்.

இதெல்லாம் பார்த்த பிறகும் துணி மாற்றுவது என்று கமிட்டி முடிவு செய்தால், மாற்றட்டும். மூன்று வருடத் துணிக்கு அது ஒன்றும் வீண் செலவு இல்லை. ஆனால் பழைய துணியைக் கழற்றின பிறகு புதுத் துணியை விரிப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இருக்கிறது, கல் வெறுமனே கிடக்கும் நேரம். இணைப்பைத் தொட்டுப் பார்க்கவும், லெவலைக் கல்லின் மேலேயே வைக்கவும், நடுத் தொய்வுக்குக் கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் தகடு சொருகவும் இனி இன்னொரு மூன்று வருடத்துக்கு வாய்ப்பு வராது. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். வருகிற பிட்டரிடம் முன்கூட்டியே போன் செய்து, என்ன லெவல் கொண்டுவருவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் அந்த அம்புக்குறித் தாளைப் படம் எடுத்துப் போட்டால் நானும் பார்க்கிறேன்; ஜன்னல் எந்தப் பக்கம் என்று மறக்காமல் எழுதுங்கள்.